ரேஸ் பெட்ரோல், ரோட்டு வண்டி: டேங்க்கில் ஊற்றும் முன் ஒரு கணக்கு

“அஞ்சு லிட்டர் அவ்காஸ் கிடைச்சிருக்கு, 390-ல ஊத்தலாமா?” “ஆர்எக்ஸ்100-க்கு மெத்தனால் போட்டா எந்த ஜெட்?” “பெயின்ட் கடையில டொலுயீன் கேன்ல விக்குறான், ஆக்டேன் ஏறுமாமே?” வண்டிப் பைத்தியம் பிடித்த இடங்களிலெல்லாம் இந்த மூன்று கேள்விகளும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அவ்காஸ் சிறிய விமானங்களுக்கான பெட்ரோல், மெத்தனால் ஒரு வகை ஆல்கஹால், டொலுயீன் ஒரு பெயின்ட் கரைப்பான். 390 என்பது கேடிஎம் டியூக் பைக், ஆர்எக்ஸ்100 யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்.

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. இன்ஜின் எரிப்பது காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். டொலுயீனுக்கு 13.5, எத்தனாலுக்கு 9, மெத்தனாலுக்கு ஆறரைக்குச் சற்றுக் குறைவு, டிராக் ரேஸ் எரிபொருளான நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. சிலிண்டர் இழுக்கும் காற்று ஏறக்குறைய அதேதான். அப்படியானால் எரிபொருளை மாற்றும்போது அது போகும் அளவும் மாறியாக வேண்டும். அந்த அளவைத் தீர்மானிப்பது கார்ப்யூரேட்டர் (கார்ப்) வண்டியில் ஜெட் என்ற சிறு திருகின் ஓட்டை, இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஈசியூ என்ற கம்ப்யூட்டர். டேங்க்கில் நீங்கள் எதை ஊற்றினீர்கள் என்பது இரண்டுக்குமே தெரியாது. பங்க் பெட்ரோல் வந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் பழைய அளவையே விட்டுக்கொண்டிருக்கும். பாதி நாசம் இங்கேதான் தொடங்குகிறது. மீதிப் பாதி ரப்பரிலும் அலுமினியத்திலும்.

முதலில் ஆக்டேன் மயக்கத்தைத் தீர்த்துவிடலாம். ஆக்டேன் எண் சக்தியின் அளவு கிடையாது. அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல், ஸ்பார்க் வரும்வரை பொறுத்திருக்கும் குணத்தின் அளவு. அந்தப் பொறுமை தேவைப்படும் அளவுக்கு உங்கள் இன்ஜின் கலவையை நசுக்குகிறதா என்பதுதான் கேள்வி. கிளாசிக் 350-ன் கம்ப்ரஷன், அதாவது கலவையை நசுக்கும் விகிதம், 9.5:1. பழைய ஆர்எக்ஸ்100-ல் ஏழுக்கும் கீழே. இவற்றுக்கு 91 ஆக்டேன் போதும். 100 ஆக்டேன் போட்டால் பர்ஸ் மட்டும்தான் இளைக்கும். ஆர்15-ல் 11.6, பழைய 390 டியூக்கில் 12.9-ஐ ஒட்டி. வெயில் காலத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது இவற்றில் 95 போட்டால் அர்த்தம் இருக்கிறது. அதற்கு மேல் போனாலும் பலன் இல்லை. நம் சாலைகளில் ஓடும் சிறிய பைக்குகளில் பெரும்பாலானவற்றில் நாக்கிங்கை, அதாவது கலவை நேரம் கெட்டுத் தானாக வெடிப்பதை, உணரும் நாக் சென்சாரே கிடையாது. நல்ல எரிபொருள் வந்திருக்கிறது, ஸ்பார்க் டைமிங்கை முன்னே தள்ளலாம் என்று தெரிந்துகொள்ளும் காது அந்த ஈசியூவுக்கு இல்லை.

இன்னொன்று. ரேஸ் எரிபொருள் என்றாலே அதில் சக்தி அதிகம் என்று நினைக்கிறோம். கிலோவுக்கு பெட்ரோலில் சுமார் 43 மெகாஜூல் இருக்கிறது. எத்தனாலில் 27, மெத்தனாலில் 20, நைட்ரோமீத்தேனில் 11 சொச்சம்தான். பிறகு எதற்காக அதைப் போடுகிறார்கள்? ஒரு கிலோ காற்றுக்கு எவ்வளவு சக்தி என்று வகுத்துப் பாருங்கள். பெட்ரோலில் 2.9, மெத்தனாலில் 3.1, நைட்ரோமீத்தேனில் 6.6. அதாவது லாபமெல்லாம் எரிபொருளைக் கூடுதலாக ஊற்ற முடிகிறது என்பதில் இருக்கிறது. கூடுதலாக ஊற்றும் ஏற்பாடு இல்லாத வண்டியில் பெட்ரோலைவிடக் குறைந்த சக்திதான் கிடைக்கும், அதுவும் ஆபத்தான கலவையில். மெத்தனாலில் அந்த ஆறேழு சதவீதம் போக மீதி லாபம் அது ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிரவைப்பதாலும், அதை நம்பி கம்ப்ரஷனை ஏற்ற முடிவதாலும் வருவது. சிலிண்டர் ஹெட்டை மாற்றிக் கம்ப்ரஷனை ஏற்றாமல் எரிபொருளை மட்டும் மாற்றினால் அந்த லாபத்தில் பெரும்பகுதி கைக்கு வராது.

ஒரு தகவல் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: மோட்டோஜிபி விதிகள் பல ஆண்டுகளாக அனுமதித்த எரிபொருளின் ஆக்டேன் எண்ணுக்கு (ஆர்ஓஎன் முறையில்) உச்சவரம்பு 102. நம் பங்க்குகளில் கிடைக்கும் 100-க்குப் பக்கத்து வீடுதான்.

ஈசியூவுக்குத் தெரியாத கணக்கு

இன்று தமிழ்நாட்டில் சட்டப்படி, பங்க்கிலேயே கிடைக்கக்கூடிய ‘ரேஸ் எரிபொருள்’ என்றால் அது இ100. 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் இதைத் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த பங்க்குகளில் கொண்டுவந்தது. எத்தனால் 93 சதவீதம், பெட்ரோல் 5 சதவீதம், மீதி கலவை பிரியாமல் பிடித்துவைக்கும் துணைப்பொருள். இதற்கென்றே செய்த வண்டிகள் இருக்கின்றன. ஓசூரில் இருக்கும் டிவிஎஸ் 2019-லேயே அப்பாச்சி ஆர்டிஆர் 200-ல் இ100 மாடல் விட்டது. 2024-ல் ஹோண்டா சிபி300எஃப் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வந்தது. ஆனால் ஆக்டேன் நூற்றெட்டாமே என்று 20 சதவீதம் எத்தனால் கலந்த பங்க் பெட்ரோலுக்கான சாதாரண இ20 வண்டியில் பாதி டேங்க் இதை ஊற்றினால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு லிட்டர் இ20 எரிய ஏறத்தாழ 10.2 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் இ100-க்கு 7.4 கிலோ போதும். அதே காற்றுக்கு இ100 என்றால் 38 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். டேங்க்கில் பத்துக்கு மூன்று பங்கு இ100 கலந்தால் உள்ளே இருப்பது சுமார் இ42. தேவை 9 சதவீதம் கூடும். பாதிக்குப் பாதி என்றால் இ56, 16 சதவீதம்.

மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. சைலன்சரில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் எரிபொருளின் பெயரைப் பார்ப்பதில்லை, மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது. கலவை மெலிந்திருக்கிறது என்று அது சொன்னதும் ஈசியூ இன்ஜெக்டரைச் சற்றுக் கூடுதல் நேரம் திறந்துவைத்துச் சரிக்கட்டிவிடும். ஒன்பது, பத்து சதவீதமெல்லாம் அதன் கைக்கு எட்டும் தூரம்தான். வண்டி பஞ்சு மாதிரி ஓடும். ஊருக்குள் இரண்டு நாள் ஓட்டிவிட்டு ‘சூப்பரா இருக்கு, சூடே ஏறல’ என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

சிக்கல் முழு த்ராட்டிலில். அப்போது ஈசியூ சென்சார் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு, தொழிற்சாலையில் எழுதிவைத்த அளவை அப்படியே ஊற்றும். கம்பெனி அங்கே வேண்டுமென்றே கலவையைக் கெட்டியாக வைத்திருக்கும், லாம்டா 0.88 என்று வைத்துக்கொள்வோம் (லாம்டா 1 என்றால் சரியான கலவை, குறைந்தால் கெட்டி, கூடினால் மெலிவு). பத்துக்கு மூன்று பங்கு கலந்த டேங்க்கில் அது 0.96 ஆகிறது. பாதிக்குப் பாதியில் 1.02. முழு இ100 என்றால் 1.2-ஐத் தாண்டி, பற்றியும் பற்றாமலும் விக்கும். விக்கும் வண்டியையாவது நிறுத்தித் தொலைப்பீர்கள். ஆபத்து அந்த 1.02-ல்தான். விக்காது, இடிக்காது, எத்தனாலின் ஆக்டேன் நாக்கிங்கை அடக்கிவைத்திருக்கும். ஆனால் முழுச் சுமையில் எக்ஸாஸ்ட் வால்வைக் குளிர்விக்க கம்பெனி விட்டிருந்த கூடுதல் எரிபொருள் இப்போது இல்லை. ஈசிஆர் சாலையில் கைப்பிடியை முழுக்கத் திருகிப் பத்து நிமிடம் போனால் அந்த வால்வின் விளிம்பும் சீட்டும்தான் விலை கொடுக்கும். பிறகு டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும், கம்ப்ரஷன் இறங்கும், யாரும் எரிபொருளைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

பங்க் பெட்ரோலுக்குத் திரும்பும்போது இன்னொரு சிக்கல். ஈசியூ இரண்டு டேங்க் ஓட்டத்தில் ‘இந்த வண்டிக்குக் கூடுதலாகத்தான் ஊற்ற வேண்டும்’ என்று கற்றுவைத்திருக்கும். அது மறக்கும்வரை வண்டி கறுப்பாகப் புகைக்கும், பிளக் கரி பிடிக்கும், குடி கூடும்.

பிளக் பார்த்துச் சொல்லலாமே என்பீர்கள். பெட்ரோலுக்குப் பழகிய கண் இங்கே ஏமாறும். எத்தனாலிலும் மெத்தனாலிலும் கலவை சரியாக இருந்தாலும் பீங்கான் வெள்ளையாகவே இருக்கும், அந்தப் பழுப்பு நிறம் வராது. நிறத்தை விட்டுவிட்டுப் புள்ளிகளைத் தேடுங்கள். பிளக்கைக் கழற்றி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து வெயிலில் பீங்கானின் நுனியைப் பாருங்கள். மிளகுத்தூளை விரலால் தூவியது போலக் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. அவற்றுக்கு நடுவே ஊசிமுனை அளவில் வெள்ளியாக மினுங்கும் துகள்கள் இருந்தால் அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். மேல்முகம் உருகித் தெறிக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

இ100-க்கு இன்னும் இரண்டு கெட்ட குணங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகாது. பதிமூன்று டிகிரிக்குக் கீழே எத்தனால் பற்றும் அளவுக்கு ஆவியாவதே கஷ்டம். ஊட்டியில் மார்கழி விடியலில் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். மற்றது தண்ணீர். எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய இ100-ஐக் கொண்டுபோய் பெட்ரோலில் கொட்டினால் கலவை இரண்டாகப் பிரியலாம். எத்தனாலும் தண்ணீரும் கைகோத்து அடியில் போய் உட்காரும். பம்ப் இழுப்பது அடியிலிருந்துதான். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து பத்து நிமிடம் வைத்தால் நடுவில் கோடு தெரியும்.

கேனில் வரும் இறக்குமதி ரேஸ் பெட்ரோலில் ஆக்ஸிஜன் ஏற்றிய ரகம் ஒன்று உண்டு, விபி ரேசிங்கின் எம்ஆர்12 மாதிரி. கணக்கு அதேதான், அளவு சிறியது. நாலைந்து சதவீதம் கூடுதலாக ஊற்றும்படி ஈசியூவில் இருக்கும் எரிபொருள் அட்டவணையை (மேப்) மாற்றினால்தான் பலன். பந்தயத்தில் இதைப் போடுகிறவர்கள் ஓட்டம் முடிந்ததும் டேங்க்கையும் கார்பையும் காலி செய்துவிடுவார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை ஊற்றிவிட்டு அடுத்த ஞாயிறுவரை கவர் போட்டு மூடிவைக்கிறோம்.

ஈயம்

அவ்காஸ் 100எல்எல் நீல நிறத்தில் இருக்கும். பெயரில் ‘ஈயம் குறைவு’ என்று இருப்பதை நம்பி ஏமாற வேண்டாம், விமானக் கணக்கில்தான் அது குறைவு: லிட்டருக்கு 0.56 கிராம் வரை. பன்னிரண்டு லிட்டர் டேங்க்கில் கிட்டத்தட்ட ஏழு கிராம் ஈயம். மோட்டார் ஆக்டேன் 108 என்று பெயர் வாங்கிய விபி சி12 போன்ற ரேஸ் பெட்ரோலும் ஈயம் சேர்த்ததுதான். இந்தியப் பங்க்குகளில் ஈயப் பெட்ரோல் 2000-லேயே ஒழிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த வண்டிகளை ஈயத்தை மனதில் வைத்து யாரும் செய்யவில்லை.

சைலன்சருக்குள் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் பிளாட்டினம் வகை உலோகங்கள் தேன்கூட்டின் மேல் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. ஈயம் அதன்மேல் படிந்து மூடிவிடும். கழுவியெல்லாம் எடுக்க முடியாது. ஆக்ஸிஜன் சென்சாரின் முனையும் அதே பிளாட்டினம்தான், அதற்கும் அதே கதி. சென்சார் உடனே சாவதில்லை. முதலில் மந்தமாகும், பிறகு பொய் சொல்லும், அந்தப் பொய்யை நம்பி ஈசியூ கலவையைக் கெடுக்கும். மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிவது இதற்கெல்லாம் பிறகுதான். சென்சாரை மாற்றிவிடலாம், கன்வர்ட்டர் பல வண்டிகளில் சைலன்சரோடு சேர்ந்தே வரும், அதன் விலையைக் கேட்டுவிட்டு ஊற்றுவதா என்று முடிவு செய்யுங்கள்.

ஈயம் இன்ஜினுக்குள் தங்கிவிடாமல் வெளியே தள்ளுவதற்காக அதோடு புரோமின் சேர்ந்த ஒரு பொருளையும் கலக்கிறார்கள். ஓடிச் சூடேறிய விமான இன்ஜினில் அது சரியாக வேலை செய்யும். ஐந்து நிமிடம் ஓட்டி, டீக்கடையில் நிறுத்தி, மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டும் பைக்கில் அந்த மிச்சம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எக்ஸாஸ்ட் பக்கத்தை அரிக்கும். மேலே பறக்கும்போது குழாயிலேயே கொதித்துவிடக் கூடாது என்று அவ்காஸின் ஆவியாகும் தன்மையையும் குறைத்துவைத்திருப்பார்கள். அதனால் காலையில் ஸ்டார்ட்டிங் தகராறு வேறு.

கன்வர்ட்டரே இல்லாத பழைய புல்லட்டில் போட்டால் என்ன? இன்ஜின் கெடாதுதான். ஆனால் அந்தக் கம்ப்ரஷனுக்கு அது எதற்கு என்ற கேள்வி இருக்கிறது. அதைவிட முக்கியமானது உங்கள் தோல். இந்த வகை ஈயம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ஷாப்பில் கிரீஸ் கையை பெட்ரோலில் அலம்புவதும், பாகங்களை பெட்ரோல் கிண்ணத்தில் போட்டு பிரஷ்ஷால் தேய்ப்பதும் நம்மிடம் ஊறிப்போன பழக்கம். வடித்தெடுத்த அவ்காஸ் அந்தக் கிண்ணத்துக்குள் போனால், வண்டிக்காரர் ஜாலியாகப் போய்விடுவார், ஈயத்தில் தினமும் கை நனைப்பது ஷாப் பையன்.

மெத்தனால்: ஜெட் மாற்றினால் போதாது

ஆர்எக்ஸ்100-ல் மெத்தனால் என்றதும் பேச்சு நேராக ஜெட்டுக்குப் போகும். சரி, ஜெட்டிலிருந்தே தொடங்குவோம். பெட்ரோலைவிட எடையில் 2.3 மடங்கு வேண்டும். மெத்தனால் அடர்த்தி சற்று அதிகம் என்பதால் கனஅளவில் 2.1 மடங்கு. விட்டத்தை வைத்து எண் போடும் ஜெட்டாக இருந்தால் பரப்புதான் 2.1 மடங்காக வேண்டும், விட்டம் 1.46 மடங்கு. 100 எண் ஜெட்டுக்குப் பதில் 146. மிக்குனி கார்பின் பெரிய ஹெக்ஸ் (அறுகோண) ஜெட்டில் எண் குறிப்பது பாயும் அளவை. அங்கே 100-க்குப் பதில் 214 அளவில் வேண்டும். இந்த இரண்டு எண் முறையையும் குழப்பிக்கொண்டு ‘ஒன்றரை மடங்கு ஏத்திட்டேன்’ என்று மிக்குனியில் 150 போட்டவரின் பிஸ்டன் எப்படி ஓட்டையானது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பெரிய ஜெட் போட்டாயிற்று. அதற்கு எரிபொருளைக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? ஃப்ளோட் நீடிலின் சீட் ஓட்டை, பெட்ரோல் காக், அதன் உள்ளே இருக்கும் வலை எல்லாம் பழைய அளவில்தான் இருக்கின்றன. முழு த்ராட்டிலில் பத்து வினாடிவரை பிரமாதமாக இழுக்கும். பிறகு ஃப்ளோட் கிண்ணம் காலியாகி, அதிகச் சூட்டில் இருக்கும் நேரம் பார்த்துக் கலவை மெலியும். பைலட் ஜெட், நீடில் ஜெட், ஸ்லைடின் வெட்டு எல்லாவற்றையும் இதே விகிதத்தில் மாற்ற வேண்டும். மெயின் ஜெட்டை மட்டும் மாற்றிய வண்டி கால் த்ராட்டிலில்தான் பிடித்துக்கொள்ளும்.

இப்போது டூ ஸ்ட்ரோக்குக்கே உரிய கண்ணி. ஆயிலைத் தனியாகச் செலுத்தும் ஆட்டோலூப் பம்ப்பைக் கழற்றிவிட்டு டேங்க்கிலேயே 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள் நிறைய. பெட்ரோலில் 2டி ஆயில் கரையும். மெத்தனாலில் மினரல் ஆயில் கரையாது. கேனைக் குலுக்கினால் பால் மாதிரி கலந்தது போலத் தெரியும். டேங்க்கில் ஊற்றிச் சற்று நேரம் விட்டால் பிரிந்துவிடும். அதன்பின் சிலிண்டருக்குப் போவது ஒருநேரம் வெறும் மெத்தனால், ஒருநேரம் வெறும் ஆயில். கிராங்க் பேரிங்கும் பிஸ்டனும் வறண்டு, போரில் நாலு இடத்தில் கோடு போட்டுப் பிடித்துக்கொள்ளும். மெத்தனாலில் கரைவது விளக்கெண்ணெய் அடிப்படையிலான ரேஸிங் ஆயில், அல்லது மெத்தனாலுக்கென்றே சொல்லி விற்கும் சின்தெட்டிக். ஆமணக்கு எண்ணெய் பழைய பந்தய வண்டிகளின் வாசனையே. ஆனால் அது ரிங் பள்ளத்தில் பிசினாக இறுகும், அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

அலுமினியம், துத்தநாகம், மெக்னீசியம் எல்லாவற்றையும் மெத்தனால் அரிக்கும். கார்பின் வார்ப்பு உடம்பு துத்தநாகக் கலவையாக இருந்தால் இரண்டு வாரத்தில் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகக் களி மாதிரி சேரும். அந்தக் களி பைலட் ஜெட்டை அடைக்கும். பந்தயக்காரர்கள் ஓட்டம் முடிந்த அன்றே மெத்தனாலை வடித்து, பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டுத்தான் வண்டியை மூடுவார்கள். பிளக்கையும் ஒன்றிரண்டு எண் குளிர்ந்த ரகமாக மாற்றுவார்கள், சூடான முனையில் மெத்தனால் ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும் என்பதால். என்ஜிகேயில் எண் ஏறினால் குளிர்ச்சி. பாஷில் எண் இறங்கினால் குளிர்ச்சி. கவனம்.

ரப்பர் விஷயத்தில் ஒரு தவறான பாடம் பரவிக்கிடக்கிறது: ‘எல்லா ஓ-ரிங்கையும் விட்டானுக்கு மாத்திட்டா எதுவும் ஒண்ணும் பண்ணாது.’ விட்டான் என்பது ஒரு செயற்கை ரப்பர். அதன் சாதாரண ரகம் டொலுயீனுக்கு நன்றாகத் தாங்கும், மெத்தனாலில் ஊதிப்போகும். நைட்ரைல் ரப்பர் நேர்மாறு; மெத்தனாலை ஓரளவு தாங்கும், டொலுயீனில் ஊதும். அசிட்டோனில் இரண்டுமே காலி. எதை ஊற்றப்போகிறோம் என்று தெரியாமல் எந்த ஓ-ரிங் என்று முடிவு செய்யவே முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் வண்டிக்கு. மெத்தனால் எரியும்போது பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. 1981 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் பிட்டில் எரிபொருள் நிரப்பும்போது சிதறிய மெத்தனால் பற்றி, ஓட்டுநர் ரிக் மியர்ஸ் எரிந்துகொண்டிருப்பதே சுற்றி நின்றவர்களுக்கு முதலில் புரியவில்லை. அங்கே பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழு நின்றிருந்தது. நம் வீட்டு வாசலில் சூடான சைலன்சர்மேல் சிந்தினால் யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் மெத்தனால் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள். அந்தக் கள்ளச்சாராயத்தில் இருந்ததும் இதே திரவம்தான். பத்து மில்லி உள்ளே போனாலே பார்வை பறிபோகலாம். தோல் வழியாகவும் ஆவியாகவும்கூட ஏறும். உரிமம் இல்லாமல் இதை வாங்குவதும் வைத்திருப்பதும் இங்கே குற்றம். ‘ரேஸுக்குத்தான் சார்’ என்ற விளக்கம் எந்தச் செக்போஸ்டிலும் எடுபடாது.

டொலுயீனும் நைட்ரோவும்

டொலுயீனுக்குக் கிடைத்த புகழெல்லாம் எண்பதுகளின் டர்போ ஃபார்முலா ஒன் கார்களால். 1988-ல் ஹோண்டாவின் ஆர்ஏ168இ இன்ஜின் 84 சதவீதம் டொலுயீன், 16 சதவீதம் நார்மல் ஹெப்டேன் கலவையில் ஓடியது உண்மை. கூடவே வரும் உண்மையை யாரும் சொல்வதில்லை: அது சரியாக ஆவியாவதற்காக எரிபொருளையே 80 டிகிரிவரை சூடேற்றி இன்ஜினுக்குள் விட்டார்கள். டொலுயீன் கொதிப்பது 110 டிகிரிக்கு மேல். குளிர்ந்த பைக் இன்ஜினில் அது துளித்துளியாகச் சிலிண்டர் சுவரில் வழிந்து, ஆயில் படலத்தைக் கழுவி, கீழே ஆயிலில் கலக்கும்.

91 பெட்ரோலில் பத்து சதவீதம் டொலுயீன் கலந்தால் ஆக்டேன் கூடுவது மூன்று புள்ளி அளவுதான். அதற்குப் பதில் பங்க்கிலேயே 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் நாலு புள்ளி. கணக்கு முடிந்தது. கடையில் ‘என்சி தின்னர்’ என்று வாங்குவதில் டொலுயீனோடு ஆல்கஹால், எஸ்டர், கீட்டோன் எல்லாம் கலந்திருக்கும். டேங்க் மூடி பக்கத்தில் சிந்திய இடத்தில் பெயின்ட் சுருங்கும்போதுதான் அது என்னவென்று தெரியும். கரைப்பான்களை வண்டியில் எரிபொருளாகப் போடுவதைத் தடுக்கவே 2000-ல் மத்திய அரசு தனி ஆணை போட்டிருக்கிறது.

நைட்ரோமீத்தேன் பற்றிச் சுருக்கமாக. அது பெட்ரோலில் ஒழுங்காகக் கரையாது. டேங்க்கில் ஊற்றினால் அடர்த்தி அதிகம் என்பதால் அடியில் போய் உட்கார்ந்து, ஒரு கட்டத்தில் தனியாக இன்ஜினுக்குள் போகும். 1.7 கிலோ காற்று போதும் என்ற பொருளை 14.7-க்கு வைத்த ஜெட்டில் விட்டால் என்ன விகிதம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். வெடிபொருள் தயாரிப்புக்கு உதவும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 16 சதவீதத்துக்கு மேற்பட்ட செறிவில் இதைப் பொதுமக்களுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. பொம்மை விமானக் கடையில் கிடைக்கும் எரிபொருளிலும் இது இருக்கிறது, மெத்தனாலோடும் ஆயிலோடும் சேர்த்து. அதுவும் பைக்குக்கு இல்லை.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா?

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்க்கிலிருந்து எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே உயிரை எடுக்கும். கையால் அமுக்கும் சைஃபன் பம்ப் சின்ன விலையில் கிடைக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள், சிந்தினால் உடனே மாற்றுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். கேனை வண்டி சீட்டின் மேலோ கையிலோ வைத்துக்கொண்டு நிரப்பாமல் தரையில் வையுங்கள், நிலைமின் பொறி வராமல் இருக்க.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப்பைச் சுற்றி எப்போதும் அரை லிட்டர் போலத் தங்கிவிடும். ஒரு லிட்டர் பங்க் பெட்ரோல் ஊற்றி, டேங்க்கைச் சாய்த்து அலசி, மறுபடி வடியுங்கள். இரண்டு முறை. குழாயில் அழுத்தம் நிற்கும். பம்ப்பின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். கார்ப் வண்டியில் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்துவிட்டு, பிறகு கிண்ணத்தையே கழற்றிப் பாருங்கள். வெள்ளைக் களி இருந்தால் ஜெட்டுகளைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி இன்னொரு தலைவலி.

வண்டி ஓடிவிட்டது என்றால் இன்ஜின் ஆயிலின் கண்ணாடியைப் பாருங்கள். காபி நிறத்தில் பால் கலந்தது போல இருந்தாலோ, டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் ஆயிலைத் தாண்டி வேறு வாசனை வந்தாலோ, ஆயிலும் ஃபில்டரும் உடனே மாற்ற வேண்டும். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை. பிளக்கை லென்ஸில் பாருங்கள். பங்க் பெட்ரோலில் முதல் அரை மணி நேரம் மிதமாக, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஈசியூ பழைய பாடத்தை மறக்கட்டும். முழு த்ராட்டில் அதன் பிறகு.

வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பெட்ரோல் வகையை வீட்டில் வைப்பதற்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு, விற்பனைக்கு இல்லாமல், மொத்தம் 30 லிட்டர். அதுவும் மூடி இறுகிய உலோகக் கேனில், ஒரு கேன் 25 லிட்டருக்கு மேல் போகாமல். கேனின் மேல் அழியாத மையில் என்ன திரவம், எந்தத் தேதி என்று தமிழிலேயே எழுதி, மண்டை ஓடு படமும் போடுங்கள். மெத்தனாலோ எத்தனாலோ கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்; நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரி இருக்கும் திரவம் அது, ஷெட்டில் காலி தண்ணீர் பாட்டிலில் பிடித்துவைத்தால் வெயிலில் வேலை செய்து தாகத்தோடு வருகிறவர் எடுத்துக் குடித்துவிடுவார்.